யாருடைய லாரி அது?

அந்த மேடம் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை. எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பல் வந்து அணையும் கரையை நாங்கள் பெர்த் என்போம். அங்கே தலையில் ஹெல்மெட் இல்லாமல் ஒருவரும் கால் வைக்க முடியாது. ராணுவத்தார் பச்சை, கடற்படையார் வெள்ளை, விமானப்படையார் நீலம் என்று அணிந்து வருவார்கள். மஞ்சள் எங்களைப் போன்ற வேலைக்காரர்களுக்கு. மேடம் விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர். புத்தம்புது நீல ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "மேஸ்திரி, உங்ககிட்ட மிச்சமா ஒரு மஞ்சள் ஹெல்மெட் கிடைக்குமா?" என்று கேட்டார். அன்று வேலைக்கு வராத ஆள் ஒருவனுடையதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். உள்வாரில் ஊறிய வேர்வை வாடை ஒரு கழுவலில் போவதல்ல. அவர் முகம் சுளிக்காமல் போட்டுக்கொண்டார். நீலத்தை என்னிடம் நீட்டி, "இதை பத்திரமா வச்சிருங்க, வெள்ளிக்கிழமை வாங்கிக்கிறேன்" என்றார். அன்று திங்கட்கிழமை.

நான் லாஷிங் மேஸ்திரி. கப்பலுக்குள் ஏற்றிய லாரியோ பெட்டியோ கடல் ஆட்டத்தில் நகர்ந்துவிடாமல், சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் லாஷிங். பன்னிரண்டு பேர் என் கேங்கில். தண்டையார்பேட்டையிலிருந்து காலையில் புறப்பட்டு, திருவொற்றியூர் வழியாகக் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் வண்டியை நெளித்து ஓட்டிப் போவேன். கேட்டுக்கு உள்ளே போனால் எல்லாருக்கும் நான் பாய்தான். சொந்தப் பெயர் கேட்டில் காட்டும் பாஸில் மட்டும் இருந்தது.

அந்தமானுக்குப் போகும் படைச் சரக்கு எங்கள் பெர்த்தில் மாதம் ஒருமுறையாவது ஏறும். கப்பல் ஒன்றுதான். ஆனால் மூன்று படைக்கும் மூன்று பட்டியல், மூன்று அதிகாரிகள், மூன்று அவசரம். ராணுவ லாரி முதலில் ஏறினால் கடற்படையின் பெட்டி வழியில் கிடக்கும். அதை நகர்த்தினால் விமானப்படைக்காரர் ஓடி வருவார். ஒரே மரப்பெட்டிக்கு மூன்று பேரும் மூன்று பெயர் சொல்வார்கள். நாங்கள் எந்தப் பெட்டி என்று தெரியாமல் சங்கிலியைத் தோளில் போட்டபடி நிற்போம். மூன்று பேரும் நல்லவர்கள்தான். தன் சரக்கு, தன் ஆள், தன் நேரம் என்று பழகியவர்கள், அவ்வளவுதான்.

தீவில் மூன்று படைச் சரக்கையும் ஒரே கூரையின் கீழ் வாங்கி, வைத்து, அனுப்புகிற ஒரு புதிய பிரிவு ஆரம்பிக்கப் போகிறார்கள் என்றும், அதற்குப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க மேடம் வந்திருக்கிறார் என்றும் இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அவரே சொன்னார். பரீட்சை, நேர்காணல், பழைய மேலதிகாரிகளின் குறிப்பு எல்லாம் முறைப்படி வேறிடத்தில் நடந்து முடிந்துவிட்டதாம். மிஞ்சியவர்களில் பலர் எங்கள் பெர்த்துக்கு வந்துபோகிறவர்கள். "யார் தைரியசாலி, யார் கெட்டிக்காரர்னு எல்லாம் ஃபைல்ல இருக்கு மேஸ்திரி. அடுத்த படைக்காரனோட யார் சேர்ந்து வேலை செய்வார்னு எந்த ஃபைல்லயும் இல்லை. அதைக் கண்ணால பார்க்கலாம்னு வந்தேன்" என்றார்.

பார்த்தார். அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. கேட் ஓரம் டீ விற்கும் அக்காவிடம் பால் இல்லாத டீ வாங்கிக்கொண்டு, கப்பல் கயிறு மாட்டுகிற இரும்புக் குத்தியின்மேல் வந்து உட்கார்ந்துவிடுவார். அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து டீயில் விழும். ஊதிவிட்டுக் குடிப்பார். மஞ்சள் ஹெல்மெட்டில் அவரை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை. என் கேங்கில் ஒருவன், "இன்னா பாய், இந்தம்மா காத்தாலேர்ந்து சும்மாவே குந்திகினு கீது? ஆபீசரா, இல்ல ஆள் யாருக்குனா காத்துகினு கீதா?" என்று கேட்டான். மேடம் காதில் விழுந்துவிட்டது. அவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர், சென்னைப் பேச்சு புதிது. "குந்திகினு கீதுன்னா உட்கார்ந்திருக்குன்னுதானே?" என்று அவனிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டு சிரித்தார். அவன் அன்று முழுக்க அவர் இருந்த பக்கமே போகவில்லை.

புதன்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு சிறிய நோட்டு. "நீங்க மூணு படையையும் சேராதவர். பல வருஷமா மூணையும் பாக்குறவர். நான் கேக்குறதுக்கு இஷ்டமிருந்தா பதில் சொல்லுங்க. இதை வச்சு மட்டும் நான் முடிவு பண்ண மாட்டேன். ஆனா காதுல வாங்கிப்பேன்." பிறகு அவர் கேட்ட கேள்விகள் எனக்கு விநோதமாக இருந்தன. யார் நன்றாக வேலை செய்கிறார் என்று கேட்கவில்லை. வேலை இல்லாத நேரத்தில் யார் யார் பக்கத்தில் போய் நிற்கிறார், புரியாத வார்த்தை வந்தால் யார் திருப்பிக் கேட்கிறார், தப்பு நடந்தால் யார் வாயிலிருந்து முதலில் 'நான்' வருகிறது, இப்படிக் கேட்டார்.

இருவரைப் பற்றி விவரமாகக் கேட்டார். ஒருவர் ராணுவ ஹவில்தார். வேலூர்க்காரர், எனக்கு சிநேகிதர். வந்து இறங்கியதும் "இன்னா மாமு, சவுக்கியமா?" என்று தோளில் கை போடுவார். கேங்குக்கே பிஸ்கட் வாங்கி வருவார். என் பெண் கல்யாணத்துக்குச் சீருடையோடு வந்து பந்தியில் தண்ணீர் ஊற்றியவர். அவரைப் பற்றி வாய் வலிக்கப் புகழ்ந்தேன். மற்றவர் கடற்படைக்காரர். நாங்கள் சீஃப் என்போம். ஸ்ரீகாகுளத்துப் பக்கம். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் பெயரை மேடம் சொன்னதுமே எனக்குக் காது சூடாகிவிட்டது.

அதற்கு மூன்று மாதம் முன்பு, நோன்பு மாதத்தில் நடந்தது. அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் போய்விட வேண்டும் என்று கடைசி வரிசை லாரிகளை நான் அவசரமாகக் கட்டவைத்தேன். புறப்படுகிற நேரத்தில் சீஃப் கப்பலுக்குள் ஏறி, ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு சங்கிலியாகத் தட்டிக்கொண்டே வந்தார். இறுகிய சங்கிலியைத் தட்டினால் கிண்ணென்று ஒலிக்கும். ஒரு லாரியில் அந்த ஒலி வரவில்லை. "இது சரி லேது பாய். மொத்த வரிசையும் திருப்பி கட்டணும்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உன் சரக்க போய்ப் பாருய்யா!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். கூட ஒரு வார்த்தையும் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அவர் திருப்பித் திட்டவில்லை. வரிசை முழுக்க மறுபடி கட்டப்படும்வரை அங்கேயே நின்றார். பிறகு நடந்ததை அப்படியே எழுதி மேலே கொடுத்தார். பத்து நாள் என் பாஸை வாங்கி வைத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷ சர்வீஸில் கேட்டுக்கு வெளியே நான் நின்றது அந்தப் பத்து நாள்தான். திரும்பி வந்த பிறகு சீஃபைப் பார்த்து சலாம் சொல்வதை விட்டுவிட்டேன்.

மேடமிடம் இது எதையும் சொல்லவில்லை. "அவரா? அடுத்தவன் வேலையில மூக்க நுழைக்கிற ஆளு மேடம். யாரோடயும் ஒட்ட மாட்டாரு. அவர போட்டீங்கன்னா மீதி ஒம்பது பேருக்கும் பேஜாருதான்" என்றேன். மேடம் தலையை ஆட்டிக்கொண்டு நோட்டில் எழுதினார். பேனா நகர்வதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், மூன்று மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அதே சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய், கை கால் கழுவி உட்கார்ந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க அந்தம்மாகிட்ட சொன்னது உண்மையா, கோவமா?" என்றாள். உண்மைதான், ஒட்டாத மனுஷன்தான் என்றேன். "அன்னிக்கு நோன்பு தொறக்குற நேரத்துல அவரு தண்ணி பாட்டில நீட்டினாரு, நான் வாங்கலன்னு நீங்கதானே என்கிட்ட சொன்னீங்க? ஒட்டாத மனுசனா தண்ணி குடுப்பாரு?" அதைச் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. பாங்கு சொல்லும் நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவர் நீட்டியதும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாய்த் தண்ணீரில் நோன்பு திறந்ததும் கண்முன் வந்தன. "சாட்சி சொல்ற வாய்ங்க, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் கீரையை அலம்ப எழுந்து போனாள்.

வியாழக்கிழமை காலை வழக்கத்தைவிட முன்னதாகவே போனேன். மேடம் அதே குத்தியின்மேல் இருந்தார். போய் எதிரே நின்றேன். என் பேச்சில் திருத்தம் சொல்ல வந்தால், நேற்றுப் பொய் சொன்னேன் என்று ஆகிறது. அப்புறம் என் புகழ்ச்சிக்கும் மதிப்பில்லை. ஹவில்தாருக்கும் அது கெடுதல். இதையெல்லாம் வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் போயிருந்தேன். "மேடம், நேத்து சீஃப பத்தி நான் சொன்னத அடிச்சிடுங்க. அது கோவத்துல சொன்னது" என்றேன். அவர் ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பக்கத்தில் கிடந்த பலகையைக் காட்டி, "உட்காருங்க. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அவசரமாகக் கட்டியது, கத்தியது, கெட்ட வார்த்தை, தண்ணீர் பாட்டில், பத்து நாள், எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சங்கிலி தளர்ந்திருந்த லாரி, அது யாருடைய லாரி?"

"ராணுவத்தோடது மேடம்."

"அன்னைக்கு கடற்படைச் சரக்கு ஏதாவது அந்த வரிசையில இருந்துச்சா?"

"இல்ல மேடம். அவங்களுது மேல் தட்டுல. காலையிலயே கட்டி முடிச்சாச்சு."

"அப்போ அவர் எதுக்குக் கீழ இறங்கி ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்தார்?"

அந்தக் கதையை நான் மூன்று மாதமாக டீக்கடையில், கேங்கில், சொந்தக்காரர் வீட்டில் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். 'உன் சரக்கைப் போய்ப் பார்' என்று நான் கத்தியதைத்தான் ஒவ்வொரு முறையும் பெருமையாகச் சொல்வேன். தன் சரக்கு அல்லாததை ஒரு மனிதர் தன் சரக்கைப் போலப் பார்த்தார் என்பது அதற்குள்ளேயே இருந்தது. சொன்ன எனக்குத் தெரியவில்லை. கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை.

மேடம் நோட்டில் ஒரு வரியை அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஹவில்தாரைப் பத்தி சொன்னது? அதுல ஏதாவது திருத்தணுமா?" என்றார். இது வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் சித்திரை வெயிலில், ராணுவ லாரிகளுக்கு இடம் வேண்டும் என்று விமானப்படையின் மருந்துப் பெட்டிகளை ஹவில்தார் நிழலிலிருந்து எடுத்து வெட்டவெளியில் வைக்கச் சொன்னார். குளிர்ச்சியாக இருக்க வேண்டிய பெட்டிகள். மேலே எழுதியும் இருந்தது. "அவங்க ஆளு வந்து எடுத்துக்குவான் மாமு, நீ லாரிய வுடு" என்றார். அவங்க ஆள் வரவில்லை. நானும் என் ஆட்களும்தான் பெட்டிகளை மறுபடி நிழலுக்கு நகர்த்தினோம். சிநேகிதர் என்பதால் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதுவும் விமானப்படை அதிகாரியிடம். சொல்லிவிட்டு, "ஆனா மேடம், மனுசன் தங்கமானவரு. அதுவும் உண்மை" என்றேன். "தெரியுது" என்றார். "அவருக்கு எல்லாரையும் பிடிக்கும். ஆனா நெருக்கடி வந்தா தன் ஆளுங்களைத்தான் பிடிக்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் மேஸ்திரி. அது மாறாததும் இல்லை."

வெள்ளிக்கிழமை நீல ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, மஞ்சளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். என் கேங்கில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டார். அன்று ஓடி ஒளிந்தவனிடம், "குந்திகினு கீறவங்களுக்கு டீ வாங்கிக் குடுக்கணும், தெரியுமா?" என்றார். அவன் ஓடிப்போய் வாங்கி வந்தான். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வடக்கே எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்வி.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. சீஃப் பெயர் இருந்தது. ஹவில்தார் பெயர் இல்லை. அடுத்த முறை கப்பலுக்கு அவர் வந்தபோது, மற்றவர் வாயால் தெரிவதற்கு முன்பு நானே சொல்லிவிட வேண்டும் என்று ஓரமாகக் கூட்டிப்போய், மருந்துப் பெட்டி விஷயத்தை மேடமிடம் சொன்னது நான்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "உன் பொண்ணு கல்யாணத்துல தண்ணி ஊத்துனேனே மாமு" என்றார். அன்றிலிருந்து மாமு போயிற்று. 'மேஸ்திரி' என்றும் 'நீங்க' என்றும் மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். சில நேரம் மரியாதைதான் பெரிய தண்டனை. கேங்குக்கு பிஸ்கட் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதை என் கையில் கொடுக்காமல் வேறு ஆள் கையில் கொடுப்பார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள். சடையங்குப்பம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்று, என் ஆட்கள் பாதிப் பேர் வேலைக்கு வர முடியவில்லை. பெர்த்தில் கடற்படையின் பெட்டிகள் மூடாமல் கிடந்தன. அவர்களுடைய வண்டியும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது. ராணுவ லாரிகளை ஏற்றிவிட்டால் ஹவில்தார் கிளம்பிவிடலாம். அவர் லாரியிலிருந்து தார்ப்பாயை இறக்கச் சொல்லி, தன் ஆட்களோடு அந்தப் பெட்டிகளின்மேல் இழுத்து மூடிக்கொண்டிருந்தார். காற்றில் தார்ப்பாய் ஒரு பக்கம் தூக்கியது. நான் ஓடிப்போய் அந்த நுனியைப் பிடித்தேன். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். முடிச்சுப் போட்டு நிமிர்ந்ததும், "இன்னா மேஸ்திரி, பாத்துகினீங்களா? உங்க மேடமுக்கு எழுதிப் போடுங்க" என்றார். பாதி கோபம், பாதி கிண்டல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "போ மாமு" என்றார். மழையில் அந்த ஒரு வார்த்தை எனக்கு நன்றாகவே கேட்டது.

அடுத்த வருஷம் மறுபடி ஆள் எடுத்தார்கள். இந்த முறை என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹவில்தார் தேர்வானார். போகும்போது வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, என் மனைவியிடம், "அண்ணி, உங்க வூட்டுக்காரர் ஒரு வருசம் எனக்கு வேட்டு வச்சாரு. ஆனா அன்னிக்குப் போயிருந்தா நான் சண்ட போட்டுகினு திரும்பி வந்திருப்பேன்" என்றார்.

இப்போது எங்கள் பெர்த்தில் மூன்று பட்டியல் இல்லை. படைச் சரக்கு எல்லாம் ஒரே பட்டியலில், ஒரே பெயரில் வருகிறது. சண்டையே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சண்டை போடுகிறவர்கள் ஒரே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு போடுகிறார்கள். போன மாதம் ஒரு காலையில், தீவிலிருந்து ஹவில்தார் போன் செய்தார். "மாமு, இங்க இன்னா கூத்து தெரியுமா? நேத்து சீஃப் கடற்படை சரக்கயே நிறுத்தி வச்சிட்டாரு. எங்க ராணுவ ஆஸ்பத்திரி பெட்டி மொதல்ல எறங்கணுமாம். அவங்க ஆளுங்களே அவரு மேல கடுப்புல கீறாங்க. இரு, பக்கத்துலதான் கீறாரு, தர்றேன்" என்று சொல்லி, நான் வேண்டாம் என்பதற்குள் போனைக் கொடுத்துவிட்டார்.

இத்தனை வருஷத்தில் சீஃபிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. சலாம் சொல்லிவிட்டு, "சீஃப், ஒரு விஷயம். அன்னிக்கு உங்கள பத்தி மேடம்கிட்ட நான் தப்பா சொன்னேன். அப்புறம் போய் மாத்திச் சொன்னேன்" என்றேன்.

"தெலுசு பாய்."

"மேடம் சொன்னாங்களா?"

"லேது. மூணு மாசம் நீங்க சலாம் சொல்லல. மேடம் வந்திருந்த வாரம், வியாழக்கிழமை சொன்னீங்க. அப்பவே தெரியும், ஏதோ ஆச்சு."

அன்று அவருக்கு சலாம் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. அங்கே கிரேன் ஓடுகிற சத்தம் கேட்டது. என்ன பேசுவதென்று தெரியாமல், கடைசியாக நாங்கள் அனுப்பிய கப்பல் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டேன்.

"மூணு நாள் கடல் மோசம். ஒரு சங்கிலி கூட நகரலை. எல்லாம் தட்டிப் பார்த்தேன்" என்றார் சீஃப். "நீங்க அங்க கட்டறீங்க, நான் இங்க அவுக்குறேன். ஒரே வேலைதான் பாய்."